மாடும் காசும்

கேள்வி: ஐயா, என் மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். மொழி வகுப்பில் 'ஸ்கொத்' என்றால் கால்நடை என்று படிப்பித்தார்களாம். விடுதியில் சண்டை வந்தபோது ஒருவன் மற்றவனை 'ஸ்கதீனா' என்று ஏசினானாம். இரண்டும் ஒரு சொல்லா?
வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒரே அடியில் முளைத்தவைதான் அம்மா. ஸ்கொத் என்பது மொத்தமாகக் கால்நடை, தனிப் பசுவுக்கு அவர்களிடம் 'கரோவா' என்று வேறு சொல் இருக்கிறது. ஸ்கதீனாவும் கால்நடைதான், ஆனால் ஆளைப் பார்த்துச் சொன்னால் ஏச்சு. நாங்கள் "எருமை" என்று ஏசுவதில்லையா, அப்படித்தான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தச் சொல்லின் பழைய பொருள். காசு! பழைய ரஷ்ய நாளாகமம் 1018ஆம் ஆண்டுக் கதை ஒன்றைச் சொல்கிறது: போரில் தோற்று ஓடிவந்த இளவரசன் யாரொஸ்லாவுக்குப் படை திரட்ட நோவ்கொரத் நகர மக்கள் ஸ்கொத் சேர்த்தார்களாம், ஆளுக்கு 4 குனா, ஊர்ப் பெரியவர்களிடம் 10 கிரிவ்னா, பிரபுக்களிடம் 18 கிரிவ்னா என்று. குனாவும் கிரிவ்னாவும் அந்தக் காலத்துப் பண அலகுகள்; இதில் ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை, எல்லாம் பணம். கருவூலத்துக்கே 'ஸ்கொத்னித்ஸா' என்றுதான் பெயர். குனா என்பதும் முதலில் மரநாய் இனத்து விலங்கொன்றின் தோல்தான். குரோஷியா 2023இல் யூரோவுக்கு மாறும்வரை அந்தப் பெயரில்தான் காசு வைத்திருந்தது.

சொல் எங்கிருந்து வந்தது? ஜெர்மானியக் குடும்ப மொழிகளைப் பாருங்கள்: பழைய கோதிக் மொழியில் 'ஸ்கத்ஸ்' என்றால் காசு, ஜெர்மனில் 'ஷாட்ஸ்' என்றால் புதையல், பழைய ஃபிரீசிய மொழியில் அதே சொல் காசையும் மாட்டையும் சேர்த்துக் குறித்தது. ஜெர்மானியரிடம் ஸ்லாவியர் வாங்கிய சொல் என்பவர்கள் பலர், ஸ்லாவியரின் சொந்தச் சொல் என்பவர்களும் உண்டு. எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது.

எங்கள் 'மாடு'ம் அப்படித்தான். 400ஆம் குறளில் "மாடல்ல மற்றை யவை" என்று வருகிற மாடு செல்வம். அதற்காக ஸ்கொத்துக்கும் மாட்டுக்கும் சொந்தம் பூட்டக் கூடாது. சொற்கள் வேறு, மந்தையை நம்பி வாழ்ந்த வாழ்க்கைதான் ஒன்று. வன்னியில் இதை விளக்கவே தேவையில்லை, சீதனத்தில் காணியோடு மாடும் எண்ணிக் கொடுத்த ஊர்கள் இவை. எங்கள் அப்பு பொழுதுபடும் நேரம் பட்டிப் படலையில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொன்றின் தொடையிலும் சுட்ட குறியைப் பார்த்து, விரல் மடித்து எண்ணுவார். பள்ளிக்கூடச் செலவுக்கு அம்மா கேட்டால், "காசு பட்டிக்குள்ள நிற்குது பிள்ளை" என்பார். அடுத்த கிழமை ஒரு நாம்பன் குறைந்திருக்கும்.

சரி, மகனிடம் சொல்லுங்கள்: மாட்டைப் பார்த்து ஸ்கொத் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆளைப் பார்த்து ஸ்கொத்தும் ஏச்சுத்தான், இரண்டுமே வாயில் வரக் கூடாது.