முழங்கால் வலிக்கு தினமும் 90 மில்லிகிராம் தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. நான்கு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டுக்கு தினமும் எட்டோரிகாக்சிப் 90 ஒன்று, குளுக்கோசமைன் ஒன்று. "எல்லாம் கம்பெனி லாபத்துக்கு எழுதுவது, நிறுத்து" என்கிறார் மாமா. நிறுத்தலாமா டாக்டர்?
- வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: லாபக் கணக்கு இருக்கட்டும், முதலில் அம்மாவின் சிறுநீரகத்தைக் கவனியுங்கள். டெல்மிசார்டன் சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் ரத்தக்குழாயைத் தளர்த்தும். தயசைடு உடம்பு நீரை இறக்கும். எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரை, வடிகட்டிக்குள் நுழையும் குழாயைச் சுருக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தமே இல்லாமல் போகலாம். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தாலோ, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தாலோ சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். ஆகவே இந்த வாரமே பிரஷரும், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் அளவுகளும் பார்த்துவிடுங்கள். பிரஷர் 140/90க்கு மேலேயே நிற்கிறது என்றால் எட்டோரிகாக்சிப் கொடுக்கவே கூடாது. பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி மாமா சொன்னது. எட்டோரிகாக்சிப் வலியைக் குறைப்பது உண்மை, அது போலி மருந்து இல்லை. ஆனால் முழங்கால் தேய்மானத்துக்கு அதன் அளவு நாளைக்கு 30 மில்லிகிராம், போதாவிட்டால் 60. 90 என்பது முடக்குவாதத்துக்கு. 120 கடும் கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும்) வலிக்கு, அதுவும் எட்டு நாளுக்கு மேல் கூடாது. அளவு ஏற ஏற பிரஷரும் இதய ஆபத்தும் ஏறும். இதே மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் அனுமதி மறுத்தது. அதற்கு அண்ணன் முறை மருந்துதான் மெர்க் நிறுவனத்தின் ரோஃபிகாக்சிப், அதாவது வயாக்ஸ். 2000-இல் வெளியான அதன் பெரிய ஆய்வில், பழைய வலி மாத்திரையான நாப்ராக்சன் சாப்பிட்டவர்களில் 4 பேருக்கு மாரடைப்பு வந்திருந்தது, ரோஃபிகாக்சிப் சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. வெளியான கட்டுரையில் அந்த 20 பேரில் 3 பேர் இல்லை. எஞ்சிய வித்தியாசத்துக்கும் "நாப்ராக்சன் இதயத்தைக் காக்கிறது" என்று விளக்கம் சொன்னார்கள். 2004 செப்டம்பரில்தான் மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டு தடை செய்தது. நல்ல மருந்து என்றாலும் யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்று இடங்களில் லாபம் நுழைந்துவிடும். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இந்த மூன்றைத்தான். கேட்கத் தயங்காதீர்கள். மருத்துவர்களுக்கு கம்பெனிகள் பரிசு தரக் கூடாது என்று 2024-இல் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறை சொல்கிறது. ஆனால் நோயாளி கேட்கும் ஒரு கேள்வி அதைவிட வேகமாக வேலை செய்யும்.

குளுக்கோசமைனை இன்றே நிறுத்தலாம், பக்குவமாகக் குறைக்க வேண்டியதும் இல்லை. கம்பெனிகள் பணம் போட்ட ஆய்வுகளில்தான் பலன் அதிகம் தெரிந்தது. அமெரிக்க அரசு நிதியில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. அந்தப் பணத்தை மூட்டில் தடவும் வலி ஜெல்லுக்குப் போடுங்கள்.

டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. அதனால் அம்மாவுக்கு முதல் மருந்தாக நான் இதைத்தான் சொல்வேன். பலர் "ஜெல் கேட்கவில்லை" என்பது, பட்டாணி அளவு தேய்த்துவிட்டு இரண்டு நாளில் விட்டுவிடுவதால்தான். ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம் வரை, நாளைக்கு மூன்று நான்கு தடவை, இரண்டு வாரம் விடாமல் தடவ வேண்டும். 30 கிராம் டியூப் ஏழு தடவைக்குத்தான் வரும், அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். தடவிய இடத்தில் சூடான ஒத்தடமோ இறுக்கமான கட்டோ வேண்டாம். கை கழுவிவிட்டு முந்திரியைத் தொடச் சொல்லுங்கள்.

வலி அதிகமான நாளில் பாராசிட்டமால் 500, இரண்டு மாத்திரை. ஒரு நாளில் மொத்தம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. மெடிக்கலில் தரும் அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால் கூட்டு மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். உள்ளே இருப்பது தெரியாமல் ஒரே மருந்து இரண்டு முறை போய்விடும். பட்டைத் தாளில் மருந்தின் பெயரைப் பார்த்து, அதே மருந்தை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். பெயரில்லாமல் பொட்டலமாகத் தரும் "மூட்டுப் பொடி"யில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பினால் சந்தேகப்படுங்கள். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

அம்மா தரையில் குந்தி உடைக்கிறாரா? ஒன்றரை அடி உயர முக்காலியும் அதற்கேற்ற மேடையும் கொடுத்தாலே வலி குறையும், மூட்டு மடிகிற கோணம் குறைவதால். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். ஒரு காலுக்கு பத்து தடவை, காலை மாலை. தொடைத் தசை வலுப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டிலேயே கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள்.

கருப்பான மலம், கால் வீக்கம், சிறுநீர் குறைதல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் - இவற்றில் ஒன்று வந்தாலும் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது பட்டைத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.