நாலு மில்லிமீட்டருக்கு ஓர் அடி: வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனின் ரயில்களை மட்டுமே மாதிரியாகச் செய்து ஓட்டும் சங்கங்கள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இயங்குகின்றன. அவற்றில் சேர்ந்திருக்கிற, சேர நினைக்கிற வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கே: எங்கள் ஊரின் பொதுவான மாதிரி ரயில் சங்கத்தில் 16.5 மி.மீ. பாதைதான். பிரிட்டிஷ் வண்டியும் அதே பாதையில்தான் ஓடுகிறது. பிறகு எதற்குத் தனிச் சங்கம்? (டொரொன்டோ வாசகர்)

ப: பாதை ஒன்றுதான், அளவு வேறு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலான எச்.ஓ. 1:87; நிஜத்தின் ஓர் அடி அதில் 3.5 மி.மீ. பிரிட்டனின் ஓ.ஓ.-வில் அதே ஓர் அடி 4 மி.மீ., விகிதம் 1:76. பிரிட்டனில் பாலங்களும் சுரங்கங்களும் குறுகல். அதனால் அங்கத்திய இன்ஜின்களும் ஒல்லி. அந்த ஒல்லி உடம்பை 3.5 மி.மீ. அளவில் செய்தபோது, அந்தக் காலத்து மோட்டார் உள்ளே போகவில்லை. உடம்பைப் பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். 16.5-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 4 அடி 1½ அங்குலம். நிஜப் பாதை 4 அடி 8½ அங்குலம். ஏழு அங்குலம் காணோம்!

இதைப் பொறுக்க முடியாதவர்கள் 18.2 மி.மீ. பாதைக்கோ, துல்லியமான 18.83 மி.மீ. பாதைக்கோ போகிறார்கள். பாயிண்ட்டுகளை (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடங்களை) கையால் கட்ட வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரம் மாற்ற வேண்டும். புதிதாக வருபவர் ஓ.ஓ.-விலேயே தொடங்குவது நல்லது. பொதுச் சங்கத்தின் பாதையிலும் உங்கள் வண்டி தாராளமாக ஓடும். ஆனால் அங்கே நிற்கிற வீடும் காரும் மனிதப் பொம்மையும் உங்கள் ரயிலுக்குப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கு சிறுத்துத் தெரியும். தனிச் சங்கம் வேண்டியிருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று சிக்னல் மணி, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கே: இங்கிலாந்திலிருந்து உறவினர் பழைய கன்ட்ரோலர் (மாதிரி ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்றைக் கொண்டுவந்தார். பிளக் அடாப்டர் போட்டால் போதுமா? (கால்கரி வாசகர்)

ப: போதாது. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 240 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரை 120 வோல்ட்டில் செருகினால் 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 6 வோல்ட்தான் வரும். இன்ஜின் முனகும், நகராது. இதற்கு நேர்மாறாக, கனடா கன்ட்ரோலரை பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ செருகினால் கருகிவிடும். டி.சி.சி. (தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி வண்டி ஓட்டும் முறை) கருவிகள் பலவற்றில் பவர் சப்ளை தனியாக இருக்கும். அதன் முதுகில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. பழைய கன்ட்ரோலரின் வயர் மேலுறை வெடித்திருந்தால் வோல்ட்டை உயர்த்தும் டிரான்ஸ்பார்மரைத் தேடி அலையாதீர்கள். அது அலமாரிக்குப் போகட்டும்.

கே: கண்காட்சிக்குக் கொண்டுபோகும், பாதை பதித்த எங்கள் பலகைகள் சேரும் இடத்தில்தான் எப்போதும் வண்டி தடம் புரள்கிறது. மின்சாரமும் அங்கங்கே செத்துப்போகிறது. (மெல்பர்ன் வாசகர்)

ப: இரண்டு பலகைகளையும் போல்ட்டை நம்பி நேராக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போல்ட் இறுக்கிப் பிடிப்பதற்கு மட்டும்தான். அதன் துளையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பலகைகளை இடம் தவறாமல் நிறுத்துவது ஆண்-பெண் ஜோடியாக வரும் பித்தளை டவல்கள் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் முளையும் குழியும்). ஒரு மூட்டுக்கு இரண்டு ஜோடி போதும். இரு பலகைகளின் முனைச் சட்டங்களையும் சேர்த்துக் கவ்வி வைத்து, ஒரே துளையாகப் போடுங்கள். தனித்தனியாக அளந்து போட்டால் அரை மி.மீ. விலகும், அதுவே தடம் புரளப் போதும்.

அடுத்து தண்டவாளம். மூட்டின் இரு ஓரத்திலும், ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே, ஒரு பித்தளைத் திருகாணியைப் பலகையில் இறக்குங்கள். தலை தண்டவாளத்தின் அடியைத் தொடும் உயரத்தில் நிற்க வேண்டும். பலகைகளை டவலும் போல்ட்டும் போட்டு இறுக்கியபின், பாதையை மூட்டுக்குக் குறுக்கே ஒரே துண்டாகப் போட்டுத் திருகாணித் தலைகளில் சால்டர் செய்யுங்கள். கடைசியில்தான் மெல்லிய வெட்டு வட்டால் மூட்டின் மேலேயே அறுக்க வேண்டும். முதலில் அறுத்துவிட்டுப் பிறகு பற்றவைத்தவர்களின் பலகையை, உருளும் வண்டியின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

வெட்டு எவ்வளவு அகலம்? நிக்கல் சில்வர் தண்டவாளத்தின் ஒரு கஜம், 20 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.3 மி.மீ. நீளும். மெல்பர்ன் கோடையில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் அதற்கு மேலும் ஏறும். பலகைக்குள்ளும் ஒவ்வொரு கஜத்துக்கும் அரை மி.மீ. இடைவெளி விட்டால் பாதை வளைந்து எழாது. கனடாவில் சிக்கல் வேறு: குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் காற்று காய்ந்து மரம் சுருங்கும், தண்டவாளம் சுருங்காது. இடைவெளி அடைபடும். தனித்தனி மின்பகுதிகள் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆவது அப்போதுதான். வெட்டில் பிளாஸ்டிக் சில்லு ஒன்றை ஒட்டி, தண்டவாள வடிவத்துக்கு அராவி விடுங்கள்.

மின்சாரம் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் ரயில் ஜாயினரை (இரு தண்டவாள முனைகளை இணைக்கும் சிறு உலோகத் துண்டை) வயராக நினைப்பது. அது தண்டவாளத்தை நேராக வைப்பதற்குத்தான். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி வயர் இறக்கி, பலகைக்குக் கீழே ஓடும் 2.5 சதுர மி.மீ. முதன்மை வயரில் சேருங்கள். டி.சி.சி. ஓட்டுகிற சங்கமாக இருந்தால் நாணயச் சோதனை கட்டாயம்: இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவி) உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பாதை நெடுக, கடைசிப் பலகைவரை, அதைச் செய்யுங்கள். எங்காவது துண்டிக்காவிட்டால் அந்த வழியில் தடை அதிகம் என்று அர்த்தம். தடம் புரண்ட வண்டியின் வழியாக 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் பாய்ந்தால் 75 வாட். சக்கரங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் உருக அது போதும்.

கே: எங்கள் சங்கத்தில் ஓட்டும் நாளன்று வண்டி வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. அரை மணி நேரத்தில் அலுத்துப்போகிறது. (பெர்த் வாசகர்)

ப: அலுக்கத்தான் செய்யும். பிரிட்டிஷ் ரயில்களை ஓட்டுகிறீர்கள், பிரிட்டிஷ் முறையில் ஓட்டவில்லை. அங்கே, பழைய முறையில், ஒரு சிக்னல் கேபினும் அடுத்த கேபினும் மணியடித்துத்தான் பேசிக்கொள்ளும். உங்கள் பாதையில் மூன்று இடங்களைக் கேபின்களாக வைத்துக்கொள்ளுங்கள்: அ, ஆ, இ.

அ-விலிருந்து விரைவுப் பயணி வண்டி புறப்பட வேண்டும். அ ஒரு மணி அடிக்கிறது: கவனி. ஆ ஒரு மணி திருப்பி அடிக்கிறது. அ நாலு மணி: விரைவு வண்டிக்கு வழி உண்டா? உண்டென்றால் ஆ அதே நாலைத் திருப்பி அடித்து, பிளாக் கருவியின் (இரு கேபின்களுக்கு இடைப்பட்ட பாதையின் நிலையைக் காட்டும் கருவி) முள்ளை 'வழி உண்டு' என்று வைக்கும். இல்லையென்றால் பேசாமல் இருக்கும். அந்த மௌனம்தான் 'இல்லை'. வண்டி அ-வைத் தாண்டியதும் இரண்டு மணி. ஆ அதைத் திருப்பி அடித்து முள்ளை 'பாதையில் வண்டி' என்று மாற்றி, இ-யிடம் வழி கேட்கும். வண்டி தன்னைக் கடந்து, கடைசிப் பெட்டியின் வால் விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகு, ஆ அ-வுக்கு ஒரு மணி அடித்துக் கூப்பிட்டு 2-1 (இரண்டு மணி, சற்று இடைவெளி, ஒரு மணி) அடிக்கும்: வண்டி வெளியேறியது. முள் பழைய நிலைக்குத் திரும்பும்.

எல்லா நிலையங்களிலும் நிற்கும் பயணி வண்டிக்கு 3-1, தனி இன்ஜினுக்கு 2-3, காலிப் பெட்டிகளுக்கு 2-2-1. ஆறு மணி அடித்தால் ஆபத்து, எல்லாம் நிற்க வேண்டும். இவ்வளவை ஒரு அட்டையில் எழுதி ஒட்டினால் ஒரு மாலைக்குள் மனப்பாடமாகிவிடும்.

வால் விளக்கைப் பலர் விளையாட்டாக விட்டுவிடுகிறார்கள். வண்டி நடுவில் கழன்று பாதி பெட்டிகள் பின்னால் நின்றுவிடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. மாதிரி ரயிலில் நிஜத்தைவிட அடிக்கடி கழலும். விளக்கில்லாத வண்டிக்கு 2-1 அடித்தவர் அடுத்த வண்டியை நின்றுபோன பெட்டிகளின் மேல் அனுப்புவார். முன் விளக்குகளையும் சரியாக வையுங்கள்: விரைவு வண்டிக்கு பஃபர்களுக்கு (வண்டி முனையில் உள்ள இடிதாங்கிகளுக்கு) மேலே இரண்டு, சாதாரணப் பயணி வண்டிக்கு புகைபோக்கியின் அடியில் ஒன்று. கேபின்காரருக்கு வருவது எது என்று பார்த்தவுடன் தெரியும்.

மணிக்கு பஸ்ஸர் வேண்டாம். இழுத்து ஒலித்து நாலும் ஐந்தும் குழம்பும். ஒரு தட்டுக்கு ஒரு 'டிங்' கொடுப்பதாக வாங்குங்கள், இரு பக்கத்துக்கும் வெவ்வேறு தொனியில். நேர அட்டவணைக்கு வேகக் கடிகாரம் (நிஜத்தைவிட வேகமாக ஓடுவது) வைக்கலாமா என்று கேட்பீர்கள். என் வாக்கு, அடுத்தடுத்து எந்த வண்டி ஓட வேண்டும் என்று எழுதி எண்ணிட்ட சீட்டுகளுக்கு. ஒருவர் தடம் புரண்ட வண்டியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் காத்திருக்காது, சீட்டு காத்திருக்கும்.

கே: உறுப்பினர்கள் கொண்டுவரும் வேகன்கள் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. (பிரிஸ்பேன் வாசகர்)

ப: பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக வரும் கொக்கியும் கம்பியுமான கப்ளிங், ஒவ்வொரு தயாரிப்பிலும் அரை மி.மீ. மேலே கீழே இருக்கும். எல்லா வேகனையும் மாற்ற முயலாதீர்கள், சங்கம் உடைந்துவிடும். ஒருவருடைய ரேக் (ஒன்றாகக் கோத்த வண்டி வரிசை) அவருடையதாகவே இருக்கட்டும், இரு முனை வண்டிகளில் மட்டும் பொதுக் கப்ளிங் போதும். என்.இ.எம். பை (கப்ளிங்கைச் செருகும் தரப்படுத்திய பொருத்தி) உள்ள வண்டியென்றால், கேடீ நிறுவனத்தின் கப்ளிங்குகளில் 17 முதல் 20 வரை எண்ணிட்டு நீளத்துக்கு ஒன்று உண்டு. பஃபர் ஒட்டாத மிகக் குட்டையானதைத் தேர்ந்து, அதே நிறுவனத்தின் 205-ஆம் எண் அளவியில் உயரம் பாருங்கள்.

பின்னோக்கித் தள்ளும்போது பஃபர்கள் மாட்டிக்கொண்டால் குற்றம் கப்ளிங்கில் இல்லை, வளைவில். 438 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போகாதீர்கள். பாயிண்ட்டில் மட்டும் குதிக்கும் வேகன் என்றால் சக்கரங்களின் உட்புற இடைவெளியை அளவிடுங்கள்: 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் சக்கரத்தை லேசாக முறுக்கிக்கொண்டே இழுங்கள், நேராக இழுத்தால் அச்சு வளையும்.

கே: இங்கிலாந்தில் வாங்கிய பழைய மாதிரிக் காட்சியை ஆஸ்திரேலியாவுக்குத் தருவிக்கலாமா? (அடிலெய்ட் வாசகர்)

ப: இன்ஜினும் பெட்டியும் பிரச்சினை இல்லை. காட்சியில் நிஜ மண், காய்ந்த பாசி, லைக்கன், உலர்ந்த செடியால் செய்த மரம் இருந்தால் ஆஸ்திரேலியாவின் உயிர்ப்பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்கும். அனுப்புபவரைப் பெட்டியின் மேல் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அதைவிட, மரங்களைப் பிடுங்கி அங்கேயே விட்டுவிட்டு, பலகையையும் பாதையையும் மட்டும் வரவழையுங்கள். மரத்தைக் கம்பியிலும் நைலான் பஞ்சிலும் இங்கே செய்துகொள்ளலாம்.