டாலர் நுழையாத கணக்குகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கம்யூனிஸ்ட் சீனாவோடு வியாபாரம் கூடாது என்று தடை இருந்த காலத்தில் இலங்கை ரப்பர் விற்றது எப்படி? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: கொரியப் போரின்போது, 1951 மே மாதத்தில் ஐ.நா. பொதுச்சபை, போருக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ஆனால் இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை. சேர்ந்தது 1955 டிசம்பரில்தான். உள்ளூரில் அரிசித் தட்டுப்பாடு, வெளியே ரப்பர் விலைச் சரிவு. 1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீஜிங்கில் 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி வரும், 50,000 டன் ரப்பர் போகும். ரப்பருக்குச் சிங்கப்பூர் சந்தையைவிடக் கூடுதல் விலை. அமெரிக்க உதவி நின்றது. இதைச் செய்தது இடதுசாரி அரசு அல்ல, இடதுசாரிகளுக்கு எதிரான ஐக்கிய தேசியக் கட்சி அரசு! தூதரக உறவு 1957-இல்தான் வந்தது. பசிக்கு முன்னால் கொள்கை கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

கேள்வி: இரண்டு ஜெர்மனிகளும் எந்தப் பணத்தில் கொடுக்கல் வாங்கல் செய்தன? (வாசகர், கோவை)

பதில்: எந்தப் பணத்திலும் இல்லை. 1951 பெர்லின் ஒப்பந்தப்படி ‘கணக்கு அலகு’ ஒன்றை வைத்துக்கொண்டார்கள். மேற்கில் வாங்குபவர் தம் நாட்டு மார்க்கைத் தம் பக்கம் கட்டுவார். கிழக்கில் விற்ற ஆலைக்கு அந்த ஊர் வங்கி கொடுக்கும். இரண்டு மத்திய வங்கிகளும் அலகுகளை எழுதிக்கொள்ளும். பற்று மீறினால் வட்டியில்லாத ஓவர்டிராஃப்ட் உண்டு, பெயர் ‘ஸ்விங்’. அதில் பெரும்பாலும் கைவைத்தது கிழக்குதான். 1976-இல் அதன் உச்சவரம்பு 85 கோடி அலகு.

கேள்வி: சோவியத் யூனியன் நம்மிடம் ரூபாய் வாங்கிக்கொண்டதாம். அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள்? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: அந்த ரூபாய் இந்தியாவை விட்டு வெளியே போகவே இல்லை. அதுதான் ஏற்பாடே.

முதல் வர்த்தக ஒப்பந்தம் 1953 டிசம்பரில். பின்னால் எல்லாப் பட்டுவாடாவும் ரூபாயில் என்று ஆனது. நாம் அங்கிருந்து இயந்திரமோ எண்ணெயோ வாங்கினால், அதற்கான தொகை ரிசர்வ் வங்கியில் அவர்கள் வங்கியின் கணக்கில் வரவாகும். அந்த வரவைக் கொண்டு அவர்கள் இங்கேயே தேயிலை, தோல், பனியன் வாங்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கமே பார்ப்போம். ஆம்பூர்க்காரர் ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு ஷூ அப்பர் அனுப்புகிறார் என்று வையுங்கள். முதலில் மாஸ்கோவிலிருந்து எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பத்திரங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) வரும். சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி, பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), இன்வாய்ஸ் எல்லாவற்றையும் தம் வங்கியில் கொடுப்பார். எல்.சி.யில் உள்ள ஜோடிக் கணக்கும் இன்வாய்ஸில் உள்ளதும் பொருந்தாவிட்டால் பணம் அப்படியே நிற்கும். ஆள் மாஸ்கோவுக்குத் தந்தியடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பொருந்தினால் வங்கி ரூபாய் கொடுத்துவிட்டு ரிசர்வ் வங்கியிடம் வசூலித்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே? அவர்கள் வாங்குவது விற்பதைவிடக் கூடினால் கணக்கு காலியாகும். அப்போது நாமே ‘டெக்னிகல் கிரெடிட்’ என்று கடன் கொடுத்து, நம் ஏற்றுமதியாளருக்கு நம் பணத்தையே தர வேண்டும். எண்பதுகளின் கடைசியில் இதுதான் நடந்தது. ரூபாய்க்கு வாங்கிய நம் சரக்கை மேற்கு ஐரோப்பாவில் டாலருக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்ற புகாரும் ஓயவில்லை.

இன்னொரு தகராறு ரூபிளின் விலை. சந்தையில் விலை போகாத பணத்துக்கு யார் விலை வைப்பது? 1978-இல் 16 நாட்டு நாணயங்களைச் சேர்த்து ஒரு கூடை கட்டி, அதன் மதிப்பு 3 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் விகிதத்தை மாற்றுவது என்று முடிவானது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு, அதற்கு நாம் கட்ட வேண்டியிருந்த பழைய கடன் பாக்கியை 1993-இல் ரஷ்யாவோடு பேசிப் பிரித்தபோது 37 சதவீதத்தை வட்டியில்லாமல் 45 ஆண்டுகளில் கட்டலாம் என்றார்கள். அதனால்தான் சோவியத் யூனியனே மறைந்து பல ஆண்டுகள் கழித்தும், “முந்தைய சோவியத் ஒன்றியத்துடனான ஒப்பந்தம்: கூடையின் ரூபாய் மதிப்பு” என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது.