பருவுக்குக் காரணம் முட்டையா, புரோட்டீன் பவுடரா?

கேள்வி: எனக்கு வயது 19. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். தினமும் இரண்டு வேளை வே புரோட்டீன் பவுடரைப் பாலில் கலந்து குடிக்கிறேன். இப்போது தாடையிலும் முதுகிலும் பருக்கள். முட்டை, வேர்க்கடலை எல்லாம் சூடு, நிறுத்து என்கிறார் அம்மா. நிறுத்தத்தான் வேண்டுமா?

பதில்: முட்டையும் கடலையும் இருக்கட்டும். முதலில் பவுடரை நிறுத்துங்கள். வே என்பது பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம். அது இன்சுலினையும், ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் உயர்த்துகிறது. இவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடும். ஆண் ஹார்மோன்களின் வேகத்தையும் கூட்டும். மயிர்த்துளையின் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கும் எண்ணெயில் பாக்டீரியா பெருகினால் வீங்கிப் பழுக்கிறது. வே குடிக்கும் எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. ஆனால் தொடங்கிய சில மாதங்களில் முதுகிலும் பரு கிளம்பினால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். பவுடரோடு ஊசி, மாத்திரை ஏதாவது ஜிம்மில் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பி12 மாத்திரைகூடச் சிலருக்குப் பருவைக் கிளப்பும்.

அடுத்தது சர்க்கரையும் மைதாவும். இவையும் இன்சுலின் வழியாகவே வேலை செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது ஆண்களிடம் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கு மற்றவர்களைவிடப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. அவர்கள் எடையும் குறைந்தது என்பதால், முழுப் பெருமையும் உணவுக்கே என்று சொல்லிவிட முடியாது. 250 மில்லி கோலாவில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதையும், இரவுப் பரோட்டாவையும், பிரெட்-ஜாமையும் குறையுங்கள். பஜ்ஜியின் எண்ணெய் நேராக முகத்துக்கு வருவதில்லை. அதற்காக அதைத் தினமும் தின்னச் சொல்லவில்லை!

புரதத்துக்கு இரண்டு முட்டை (12 கிராம்), ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராமில் 7), மாலையில் சுண்டல், சாப்பாட்டில் பருப்பு, கிடைக்கும்போது மீன் அல்லது கோழி போதும். பாலை அறவே விட வேண்டாம்; டீ, காபிக்கு ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உணவு மட்டுமே பருவை ஆற்றாது. பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல்லைக் காலையில் மெலிதாகத் தடவலாம். துண்டு, தலையணை உறை வெளுத்துப்போகும், வெள்ளைத் துணி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பூச, மயிர்த்துளை அடைப்பை நீக்கும் அடபலீன் 0.1% ஜெல் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பட்டாணி அளவு எடுத்து, பரு மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுக்கப் பூசுவது அது. முதல் சில வாரம் தோல் உரியும், பரு சற்றே கூடவும் கூடும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் எரிச்சல் தாங்கும். கடையில் கேட்டு வாங்கும் 'வெளுப்பு' க்ரீம் வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதுவே பருவை உண்டாக்கும்.

பிடரியும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம்; ரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். ஆழமான, வலிக்கும் கட்டிகளோ பள்ளமான தழும்போ தெரிந்தால் 12 வாரம் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.