பழைய சர்ச் பதிவேடுகளை வைத்து இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரை எதுவரை கண்டுபிடிக்கலாம்?

என் கணவர் ஆங்கிலேயர். மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்கலாமே என்று அவர் வீட்டு வம்சாவளியைத் தேடத் தொடங்கினேன். நார்ஃபோக் பக்கத்துப் பண்ணைக் கூலிகள். எட்டுத் தலைமுறை வரை போய்விட்டேன். அதில் மூன்று தலைமுறை வேறு யாரோ வீட்டுக்காரர்கள்!

1837 ஜூலை முதல் பிறப்பு, இறப்பை அரசே பதிந்தது. அதுவரை சிரமமில்லை. அதற்கு முன்னே போக வேண்டுமானால் பேரிஷ், அதாவது ஊர்ச் சர்ச்சின் பங்கு, வைத்திருந்த பதிவேடுதான். எந்த ஊர் பேரிஷ் என்பது 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கும்; பிறந்த ஊரை அதில் எழுதியிருப்பார்கள். அது தெரியாமல் பதிவேட்டில் கை வைக்காதீர்கள்.

ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லி 1538-இல் உத்தரவு போட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். ஆனால் அந்த வருடத்திலிருந்தே ஏடு இருக்கும் ஊர்கள் குறைவு. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1640-களில், பல ஊர்களில் பக்கங்களே இல்லை. உங்கள் ஊர் ஏடு தொலைந்திருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். குருவானவர்கள் வருடாவருடம் பிஷப்புக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த நகல் பிழைத்திருக்கலாம்.

இனி என் சொதப்பல். 1851-இல் 64 வயதான ஒரு வில்லியமைத் தேடினேன். சரியான ஊரில், 1785-இல், ‘ஜான், மேரி மகன் வில்லியம்’ என்று ஒரே வரி. அவ்வளவுதான் எழுதுவார்கள். அப்பாவின் தொழில், வீடு எல்லாம் 1813-இல் அச்சிட்ட படிவம் வந்த பிறகுதான். ஒன்றிரண்டு வயது முன்பின் இருப்பது சகஜம் என்று அந்த ஜானைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வேறு யாருக்காகவோ அடக்கப் பக்கங்களைப் புரட்டினால், அதே வில்லியம், ‘கைக்குழந்தை’ என்ற குறிப்போடு. ஞானஸ்நானம் ஆகிப் பதினோரு மாதம். செத்துப்போன குழந்தைக்கு நான் பேரப்பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறேன்.

அசல் ஆள் மூன்று மைல் தள்ளி, பக்கத்து பேரிஷில், 1787-இல் இருந்தார். அங்கேயும் அப்பா ஜான், அம்மா மேரி! காப்பாற்றியது கல்யாணப் பதிவு. 1754-க்குப் பிறகு மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்தோ கீறலோ போட்டாக வேண்டும். எங்கள் வில்லியம் ஒரு நடுங்கிய பெருக்கல் குறி போட்டிருந்தார்; சாட்சியாக அவருடைய அண்ணன், பெயரோடு. அந்த அண்ணனின் ஞானஸ்நானம் இரண்டாவது ஊரில்தான் இருந்தது. அதனால் ஞானஸ்நானம் கிடைத்த கையோடு அடுத்த பத்து வருட அடக்கங்களைப் பார்த்துவிடுங்கள். இந்தப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் இணையதளங்கள் இரண்டும் இலவசம். ஆனால் அவற்றின் பெயர் அட்டவணையை மட்டும் நம்பி நிற்காமல், கிடைத்தால் பக்கத்தின் படத்தையே பாருங்கள்.

தேதியிலும் ஒரு குழி உண்டு. 1752-க்கு முன் அங்கே வருடம் மார்ச் 25-இல்தான் பிறக்கும். 1720 ஜூனில் கல்யாணம், 1720 பிப்ரவரியில் குழந்தை என்று பார்த்துவிட்டு அந்தப் பெண்ணைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நம் கணக்குக்கு அது 1721 பிப்ரவரி. 1733-க்கு முந்தைய ஏடுகள் சில லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அதில் ஜாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ்.

அசல் வில்லியமின் வரிக்குப் பக்கத்தில் ‘பி’ என்று ஓர் எழுத்து இருந்தது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு, அவர்களுக்குத்தான் ‘பாப்பர்’ (பரம ஏழை) என்பதன் முதல் எழுத்தான இந்த அடையாளம். தயங்கித் தயங்கி மாமியாரிடம் சொன்னேன். “மூன்று பென்ஸ் மிச்சம்” என்று சிரித்தவர், அந்தப் பக்கத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.