சியாட்டில் போராட்டமும் நம் மலை மிளகின் விலையும்

1999-இல் சியாட்டிலில் உலக வணிக அமைப்பின் மாநாட்டை முற்றுகையிட்டவர்களில் பெரும்பாலோர் வணிகத்தையே எதிர்த்தவர்கள் அல்லர். கோடிக்கணக்கானோரைக் கட்டுப்படுத்தும் விதிகளைச் சில நாடுகளின் பிரதிநிதிகள் மூடிய அறையில் முடிவு செய்வதையே எதிர்த்தார்கள்.

"அதற்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் மிளகு விலை விழுந்ததற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உலக வணிக அமைப்பின் பொது ஒப்பந்தங்களையும் நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் தனி ஒப்பந்தங்களையும் ஒன்றாகக் கொண்டதால் குழப்பம் வந்திருக்கலாம். நம் மிளகை நேரடியாகத் தொட்டவை, இந்தியா 1998-இல் இலங்கையோடும் 2009-இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடும் இறக்குமதி வரியைக் குறைக்கக் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தங்கள். பின்னதை எதிர்த்து 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடந்தது. பயிரிடுவோரைக் கேளாமல் கையெழுத்திட்டார்கள் என்ற, சியாட்டிலில் எழுந்த அதே நியாயமான குறைதான் இங்கும் எழுந்தது.

வீட்டிலுள்ள பழைய விற்பனைச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை விதிக்கப்பட்ட 2017 டிசம்பருக்கு முன்னும் பின்னும் உங்களுக்குக் கிடைத்த தொகையை ஒப்பிடுங்கள்.

ஆனால் இழப்பு முழுவதையும் ஒப்பந்தங்களின் மேல் ஏற்றிவிட வேண்டாம். வியட்நாமின் விளைச்சல் பெருக்கத்துக்கும், நம் கொடிகளை அழித்த வாடல் நோய்க்கும் அதில் பங்குண்டு.