கடற்கரை ஊரில் பைக் வாரண்டி: "உப்புக்காத்துண்ணே" என்று சொல்லித் தள்ளிவிட்டால்?

கேள்வி இதுதான்: "ராமேசுவரம் பக்கம் குடியிருக்கிறேன். புது பைக் வாங்கப் போகிறேன். இங்கே டீலர் வாரண்டியையும் சர்வீஸையும் நம்பலாமா? ராமநாதபுரத்தில் வாங்கலாமா, மதுரைக்கே போய்விடலாமா?"

எனக்கு ஊர் உச்சிப்புளி. நண்டும் கணவாயும் வாங்கி கம்பெனிக்குக் கொடுக்கிற தொழில். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், சில நாள் தொண்டி வரைக்கும் பைக்கில்தான் அலைச்சல். பின்னால் எப்போதும் ஐஸ் பெட்டி இருக்கும். வண்டி ஷெட்டில் நின்றால் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. அதனால் வாரண்டிப் புத்தகத்தை வரி விடாமல் படித்திருக்கிறேன். டீலர்களிடம் சண்டையும் போட்டிருக்கிறேன், நல்ல ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

நம் கரையில் வாரண்டி பற்றிய தகராறு எதுவானாலும் கடைசியில் துருவில்தான் வந்து நிற்கும். நான் பார்த்த வாரண்டிப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் துருவும் பெயின்ட் மங்குவதும் வாரண்டியில் வராது என்றுதான் போட்டிருக்கிறது. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள், பல்பு, ஃபில்டர் மாதிரி தேய்கிற சாமான்களும் வராது. பேட்டரிக்கும் டயருக்கும் அதைச் செய்த கம்பெனியின் வாரண்டி தனி. இதெல்லாம் நியாயம்தான். வண்டியில் எந்தப் பழுது வந்தாலும் உப்புக்காற்றின் தலையில் கட்டிவிட்டு, காசைக் கட்டு என்று சொல்வதுதான் அநியாயம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஷோரூமில் கேட்டால், பேட்டரி போயிருக்கும், பேட்டரி ஏஜென்ட்டைப் பாருங்கள் என்றார்கள். அவர் சோதித்துப் பார்த்து, பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டிதான் சார்ஜ் கொடுக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். மறுபடி ஷோரூம். சீட்டைக் கழற்றிப் பார்த்த பையன், பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்துகிற ரெகுலேட்டரின் கப்லரை, அதாவது வயர் மாட்டும் இடத்தை, காட்டினான். பின்னில் லேசாகப் பச்சைக் களிம்பு. "உப்புக்காத்துண்ணே, கம்பெனி ஒத்துக்காது. ரெகுலேட்டருக்குக் காசு கட்டணும்" என்றான்.

களிம்பு இருந்தது உண்மை. ஆனால் ரெகுலேட்டர் போனதற்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? கப்லரைத் துடைத்து மாட்டிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பதிமூன்றரையிலிருந்து பதினாலரை வோல்ட் வரை காட்டும். துடைத்த பிறகும் ஏறாவிட்டால் கோளாறு களிம்பில் இல்லை, ரெகுலேட்டருக்குள்ளேயோ சார்ஜ் உண்டாக்குகிற காயிலிலேயோ இருக்கிறது. அங்கே யாரும் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. தெருவில் இருக்கிற எலக்ட்ரிகல் கடைக்குப் போய்த் துடைத்து மாட்டி நானே பார்த்தேன். பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. அதை போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போனால் புதுக் காரணம் சொன்னார்கள்: பெட்டி கட்டி ஓட்டுகிறீர்கள், இது கமர்ஷியல் வண்டி, அதற்கும் வாரண்டி கிடையாது.

சரி, அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். வண்டியை விடும்போது குறையை எழுதுகிற ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தால் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் இருந்தது. நான் சொன்ன கம்ப்ளெய்ன்ட்டும் இல்லை, வாரண்டியை மறுத்ததும் இல்லை. எழுத முடியாது என்றார்கள். அன்று இரவே ஜாப் கார்டு போட்டோ, மீட்டர் போட்டோ, சேஸ் நம்பர் மூன்றையும் வைத்து கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். அடுத்து அந்தப் பக்கம் வந்த கம்பெனி ஏரியா இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். அவரும் கப்லரைத் துடைத்து மீட்டர் வைத்தார். ரெகுலேட்டர் வாரண்டி கிளெய்மில் போய் இலவசமாக மாறியது. அதே ஷோரூம்தான், அதே களிம்புதான். கேள்வி எழுத்தில் போனதும் பதில் மாறிவிட்டது.

கமர்ஷியல் விஷயத்தை மீனவர்களும் வியாபாரிகளும் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கம்பெனியின் வாரண்டி நிபந்தனையில் வாடகைக்கு விடும் வண்டி, ரேஸ் வண்டி என்று விலக்கு இருக்கலாம், அதைப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டம் வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவரை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை, அவரும் நுகர்வோர்தான். பெட்டி கட்டி மீன் கொண்டு போகிறவர் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் பதிவு செய்யலாம். எதற்கும் முதலில் கேட்கப்படுவது காகிதம்தான். ஜாப் கார்டு, பில், மெயில் எதையும் தொலைக்காதீர்கள்.

இனி நல்ல அனுபவம். இன்னொரு சர்வீஸ் சென்டரில் ஒரு சூப்பர்வைசர் தம்பி. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்ததால் அங்கே போனேன். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் வேறொரு இடத்தில் சீல் மாற்றியிருந்தேன். அவன் பழைய சீலைத் தொடவே இல்லை. ஃபோர்க் குழாயில் நகத்தை வைத்து மேலும் கீழும் இழுத்தான். ஓரிடத்தில் சொரசொரத்தது. குரோம் அரித்துப் பொடிக்குழி விழுந்திருந்தது. "அண்ணே, இந்தக் குழி இருக்கிற வரைக்கும் எத்தனை சீல் போட்டாலும் கிழிச்சுரும். இது துருதான். நான் கிளெய்ம் போட்டாலும் திரும்பி வந்துரும். வீணா உங்களைக் காக்க வைக்க மாட்டேன்" என்றான். குழாய் மாற்றச் செலவு எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் காட்டினான். இன்னொரு பக்கக் குழாய் நன்றாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம் என்றும் அவனே சொன்னான்.

அதோடு விடவில்லை. ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் சொல்லல? இது கிளெய்ம் போடலாம்ணே" என்று போட்டோ எடுத்து அனுப்பினான். புது மீட்டர் வர நாளானது. ஆனால் வந்த அன்றே போன் செய்தான், காசு வாங்கவில்லை. வாரண்டியில் வராததை வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன், வரக்கூடியதை நான் கேட்காமலே எடுத்துக் கொடுத்தான். எனக்கு நல்ல சர்வீஸ் என்றால் இதுதான். இப்போதும் அவனிடம்தான் வண்டியை விடுகிறேன். குழாயைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் ஒரு துடை துடைக்கச் சொன்னான். செய்கிறேன், புதுக் குழாயில் இதுவரை குழி இல்லை.

வெளியூர்க்காரர்கள் யோசிக்காத இன்னொன்று தண்ணீர். நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி வாட்டர் சர்வீஸ் செய்தால், காற்று போகாத இடுக்கிலெல்லாம் உப்பு போய் உட்காரும். சர்வீஸுக்கு விடும்போது எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று நான் கேட்டுவிடுவேன். போர் தண்ணீர் என்றால் வாட்டர் சர்வீஸ் வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்வேன். வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு குடம் போதும். ஸ்போக்ஸ், செயின், மட்கார்டின் உள்பக்கம், சைலன்சர் ஜாயின்ட், பெட்டி கட்டுகிற கேரியர், இவ்வளவையும் அலசிவிடலாம். காய்ந்ததும் செயினுக்கு லூப் ஆயில், பேட்டரி முனைக்குக் கொஞ்சம் வாசலின். அடியில் டீசல் அடிக்கிற பழக்கம் இங்கே உண்டு, அது ரப்பரை ஊத வைக்கும், வேண்டாம். தனுஷ்கோடி ரோட்டில், மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று நேரத்தில் போய்வந்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள். அங்கே மணலும் உப்பும் சேர்ந்தே வண்டியில் அடிக்கும்.

ஃப்ரீ சர்வீஸில் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. கிலோமீட்டர், நாள் இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் போக வேண்டும். கொஞ்சமாக ஓட்டுகிறவர்கள் நாளைக் கோட்டைவிடுவார்கள், பிறகு அதையே சொல்லி கிளெய்மை மறுப்பார்கள். பாலிஷ், கோட்டிங் என்று கேட்காமல் பில்லில் ஏற்றினால் எடுக்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். எக்ஸ்ட்ரா லைட்டுக்காக வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். எலக்ட்ரிகல் கிளெய்மை மறுக்க அதைவிட வசதியான காரணம் அவர்களுக்கு வேண்டாம்.

டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டு போட்டோ எடுப்பதற்கு முன்னால், குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடலோர யார்டில் வெட்டவெளியில் மாசக்கணக்கில் நின்ற வண்டியில் ஸ்போக்ஸ் நிப்பிளிலும் செயினிலும் சைலன்சர் ஜாயின்டிலும் அப்போதே பழுப்பு ஏறியிருக்கும். தயாரித்த மாதத்தைக் கேட்டு, விற்பனைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துரு தெரிந்தால் வேறு வண்டி கேளுங்கள். விற்கும் முன்பே இருந்த துருவுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

ராமநாதபுரமா மதுரையா என்றால், நான் ராமநாதபுரத்தையே சொல்வேன். பெரிய கம்பெனிகளின் வாரண்டி எந்த ஊரிலும் கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் செல்லும் என்பது உண்மை. மதுரையில் விலை கொஞ்சம் குறைத்துக் கொடுக்கவும் கூடும். ஆனால் கிளெய்ம் என்று வந்தால் ஒரு தடவையில் முடியாது. வண்டியை விட, பார்ட் வந்ததும் மாட்ட, திரும்பக் காட்ட என்று நடக்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மதுரை அங்கிருந்து இன்னும் நூறைத் தாண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை காலையில் ஷோரூமின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் இருக்கிற சர்வீஸ் ஷெட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வண்டி விட வந்தவர்களிடம் ஜாப் கார்டை வாங்கிப் பாருங்கள். அவர்கள் சொன்ன குறை அவர்கள் சொன்னபடியே எழுதியிருந்தால் அங்கே வாங்குங்கள்.